நான்கெல்லையில் ஒரு தரகர்

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கேட்டார்.

“மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு தம்பி? வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸா, மூணா?”

“மூணு ஆக்கிட்டாங்கண்ணே.”

“அடடா” என்றார். வாயில் நுரையோடு வந்த அந்த ‘அடடா’வில் கலப்படம் இல்லை. என் மாமனார் எங்கள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அவர் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று என் மனைவியிடம் விசாரித்துவிட்டு, அண்ணி மதியமே சுரைக்காய்க் கூட்டு கொடுத்தனுப்பினார். உப்புக் குறைத்து அவருக்கென்று தனியாகத் தாளித்தது.

சாயங்காலம் அண்ணனே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “செந்துறைப் பக்கம் ஒரு பார்ட்டி இடம் பாக்குறாங்க தம்பி. மாமா கொல்லை ரோட்டு மேலதானே இருக்கு? அவசரமில்ல. சும்மா காதுல போட்டு வச்சேன்.”

அவர் நிலத் தரகர். பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு மேற்கே அவர் வீடு. பத்து வருடப் பழக்கம். காலையில் கேட்டது பக்கத்து வீட்டுக்காரரா, தரகரா என்ற யோசனையில் அன்றிரவு தூக்கம் போயிற்று என்றெல்லாம் சொல்லமாட்டேன். நன்றாகவே தூங்கினேன். ஆனால் மறுநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் கேட்டதும், பாதிச் செடிகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஏன் உள்ளே வந்தேன் என்று யோசித்ததில் எழுதியது இது.

*

எங்கள் ஊர்ப் பக்கம் நிலத் தரகு யாருக்கும் முழுநேர வேலையாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், எல்.ஐ.சி. ஏஜென்ட், டிராக்டர் வைத்திருப்பவர், பத்திரம் எழுதுபவரிடம் எடுபிடியாக இருப்பவர் என்று எல்லோரும் ‘கூடவே இதையும் பார்க்கிறவர்கள்’. என் பக்கத்து வீட்டு அண்ணன் முன்பு உரக்கடையில் கணக்கு எழுதினார். எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் போகத்தில் யார் நொடித்தார் என்பது அவருக்கு மனப்பாடம். “அந்தக் கடன் நோட்டுதான் தம்பி நம்ம தொழிலுக்கு மொதலு” என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

இந்தத் தொழில் இங்கே கொழித்ததில் அரசாங்கம் போட்ட கோடுகளுக்கும் பங்குண்டு. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்து தனி மாவட்டமானது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் எந்த ஆபீஸ் எந்தப் பக்கம் வரும் என்று ஒரு வதந்தி கிளம்பும். ஒவ்வொரு வதந்திக்கும் சென்ட்டுக்கு இவ்வளவு என்று ஒரு விலை வரும். சென்னை - திருச்சி சாலை நான்குவழியானது. 2022-இல் எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நட்டார்கள். 2024-இல் ஜெயங்கொண்டத்தில் இன்னொரு காலணி ஆலைக்கு நட்டார்கள். அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகளும் அவற்றுக்குத் தீனி போடும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் முன்பே இருந்தன. வளைகுடாவிலிருந்து லெப்பைக்குடிகாட்டுக்கும் வி.களத்தூருக்கும் வந்த பணம், சிங்கப்பூரிலிருந்து ஜெயங்கொண்டம் பக்கம் வந்த பணம் எல்லாம் உட்கார இடம் தேடியது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த மானாவாரிக் காடுகளில் ‘நகர்’கள் முளைத்தன. முகப்பில் ஒரு வளைவு, வரிசையாகக் கலர்க் கொடிகள், சைட் பார்க்க இலவச வேன், வந்தவர்களுக்குப் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு.

வேனையும் பிரியாணியையும் ஏற்பாடு செய்கிறவர்கள் வெளியூர்க் கம்பெனிக்காரர்கள். அவர்கள் நமக்கு அண்டை வீட்டார் ஆவதில்லை. விற்று முடித்ததும் வளைவில் பெயின்ட் உதிர விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது அவர்களுக்கு அந்தக் காட்டை முதலில் காட்டிக்கொடுத்தவரைப் பற்றி. அவர் எங்கும் போகமாட்டார். நாளைக் காலையும் மதிலுக்கு அந்தப் பக்கம் பல் துலக்குவார்.

*

மாட்டுச்சந்தையில் தரகர் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றிருக்கிறேன். அந்தத் துண்டு வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தான் மறைப்பு. மாட்டுக்காரன் கையும் அதற்குள் போகும், வாங்க வந்தவன் கையும் போகும். நிலத் தரகர் போர்த்தும் துண்டு கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் அவர் கை மட்டும்தான் இருக்கிறது. விற்பவர் கடைசியாக எவ்வளவுக்கு இறங்குவார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் எவ்வளவு வரை ஏறுவார் என்பது விற்பவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நடுவில் இருப்பவர். கமிஷன் ஒரு பர்சன்ட், இரண்டு பர்சன்ட் என்று வாய்விட்டுச் சொல்வது. ‘மேல வச்சு’ விற்பது சொல்லாமல் நடப்பது.

முன்பெல்லாம் அவருடைய சரக்கு காகிதம்தான். எந்த சர்வே எண் யார் அனுபவத்தில் இருக்கிறது, 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் யாருடைய நிலம் யார் பட்டாவில் தப்பாக ஏறியது, எந்தக் கொல்லைக்கு வண்டிப்பாதை உண்டு, எதற்குப் பேச்சில் மட்டும் உண்டு என்பதை எல்லாம் ஒரு ரெக்சின் பையில் ஜெராக்ஸ்களாக வைத்திருப்பார். தாலுகா ஆபீஸில் மூன்று நாள் நடந்து தெரிந்துகொள்ள வேண்டியதை டீக்கடையில் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவார். இன்று பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் கைப்பேசியில் கிடைக்கின்றன. வில்லங்கத்தையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். பையில் இருந்த சரக்கு ஊர்ச் சொத்தாகிவிட்டது.

அப்படியும் தரகருக்கு வேலை குறையவில்லை. எந்தக் கணினியிலும் ஏறாத செய்தி ஒன்று இருக்கிறது. எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் திகைந்திருக்கிறது, யார் மகன் வெளிநாடு போக ஏஜென்சிக்குப் பணம் கட்ட வேண்டும், எந்த அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை அறுந்திருக்கிறது, எந்த வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் கடன் நிற்கிறது, யாருக்கு டயாலிசிஸ் இரண்டிலிருந்து மூன்றாகியிருக்கிறது. நிலம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எப்போது விலைக்கு வரும் என்பது இந்தச் செய்திகளில்தான் இருக்கிறது. காகிதம் எளிதாகக் கிடைக்கக் கிடைக்க, இந்தச் செய்திக்கு மதிப்பு கூடுகிறது.

இவற்றை அவர் ஒட்டுக்கேட்டுத் திருடவில்லை. நாம்தான் சொன்னோம். இழவு வீட்டு வாசலில், ரேஷன் கடை வரிசையில், மதிலுக்கு மேலே சொன்னோம். இன்னொருவர் கஷ்டத்தைத் தெரிந்துவைத்திருப்பதற்குப் பெயர்தான் அக்கம்பக்கம். அது தெரியாதவர் பக்கத்தில் இருந்தும் அசலூர்க்காரர்தான். அண்ணி கூட்டு கொடுத்தனுப்பியதும் இதே செய்தியால்தான். அண்ணன் பார்ட்டியோடு வந்ததும் இதே செய்தியால்தான். ஒரே வீட்டுக்குள் போன ஒரு செய்தி அடுப்படியில் கூட்டாகவும் திண்ணையில் வியாபாரமாகவும் ஆகிவிட்டது.

*

1990-களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு 13 கிராமங்களில் நிலம் எடுத்தார்கள். நிலக்கரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. இழப்பீட்டு வழக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கால் நூற்றாண்டு கழித்து அந்த நிலங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுப்பதென்று அரசு முடிவெடுத்தது. முந்திரிக்கொல்லையை இழந்தவர்கள் பட்ட பாட்டைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதில் ஒன்றைக் கவனித்தேன். அரசாங்க நோட்டீஸ் ஊருக்கே ஒரே நாளில் வந்தது. வரப்புக்கு இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார்கள். ஊர் கூடிப் பேச முடிந்தது, கத்த முடிந்தது, கொடி பிடிக்க முடிந்தது.

தரகர் ஊருக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறார். விளக்கு வைத்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு வீடு. “உங்களுக்கு மட்டும்தான் இந்த ரேட்டு, வெளிய சொல்லிக்காதீங்க” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறார். முதலில் நடுக்கொல்லையை வாங்குவார்கள். வாங்கியதும் கம்பி வேலி விழும். வேலிக்கு அப்பால் இருப்பவர் தலைமுறையாக மாடு ஓட்டிப்போன பாதை அடைபடும். அறுத்த சோளத்தை வெளியே கொண்டுவர வழியில்லாமல் இரண்டு போகம் தாக்குப்பிடிப்பார். மூன்றாவது போகத்தில் அவரே தரகரைத் தேடி வருவார். அப்போது ரேட் வேறு. ஒருவர் விற்றதற்கான விலையை அவருடைய வரப்புக்காரர் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் பகுதிகளில் இது இன்னும் கொடுமை. அங்கே அடுத்த கொல்லை என்பது ஒருநாள் காலையில் பள்ளமாகிவிடுகிறது.

பெரம்பலூர் மாவட்டம் திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று ஏறத்தாழ 3000 ஏக்கர் கைமாறியது. ஆண்டுக்கணக்கில் அங்கே சொன்ன தொழிற்சாலைகள் வரவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது. அத்தனை நிலத்திலும் வரப்புகள் இருந்திருக்கும். ஒவ்வொரு வரப்புக்கும் இரண்டு பக்கம் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போட்டிருப்பார்கள், ஒருவர் கிணற்றில் மற்றவர் தண்ணீர் இறைத்திருப்பார்கள். நிலத்தை விற்கலாம், திரும்ப வாங்கலாம். அந்த வரப்பு உறவை எந்த சார்பதிவாளர் ஆபீஸில் மீட்டு எழுதுவது?

*

பழைய பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிலத்தை அது நம்பரால் மட்டும் சொல்லாது. ‘இதற்கு நான்கெல்லை’ என்று தொடங்கி, இன்னார் கொல்லைக்கு மேற்கு, இன்னார் காட்டுக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு என்று சொல்லும். உன் நிலம் எது என்று கேட்டால் உன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதுதான் பதில். ஆயிரம் வருட வழக்கம் இது. கங்கைகொண்ட சோழபுரம் இந்த அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பழுவேட்டரையர்களின் பழுவூரும் இங்கேதான். சோழர் செப்பேடுகளில், தானமாகக் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்த செய்தி வருகிறது. யானை நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். நான்கு திசையிலும் எது எதுவரை என்று எழுதிவைத்தார்கள். ஒரு யானை சுற்றி வருவதை ஊரில் பார்க்காதவர் யாராவது இருந்திருப்பார்களா? பக்கத்து நிலக்காரருக்குத் தெரியாமல் ஒரு நிலம் கைமாறுவது அன்று நடக்கிற காரியமாக இருந்திருக்காது.

அண்டை நிலக்காரருக்கு இன்னும் ஒரு படி மேலே இடம் கொடுத்த சட்டமும் உண்டு. இஸ்லாமியச் சட்டத்தில் ஷுஃபா என்று ஒன்று இருக்கிறது. ஹனஃபி பிரிவில், நிலத்தை விற்றால் வெளியாள் கொடுக்கும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ள முதல் உரிமை பங்குதாரருக்கு. அதற்கடுத்து, ஒட்டிய நிலக்காரருக்கு. வட இந்தியாவின் பல பகுதிகளில் இது நீதிமன்றம் ஏற்ற வழக்கமாக இருந்தது. நம் பக்கம் இல்லை. 1870-லேயே சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்துவிட்டது. 1962-இல் உச்ச நீதிமன்றம், பக்கத்து நிலக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக இந்த உரிமையைக் கோருவது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று தீர்ப்புச் சொன்னது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கூட்டு வாரிசுகளுக்கு மட்டும் இப்படி ஒரு முன்னுரிமை இன்றும் இருக்கிறது.

அண்டைக்காரரின் உரிமை போனதற்காக நான் கண்ணீர் வடிக்கத் தயாராக இல்லை. அந்த உரிமையின் மறுபக்கத்தை உச்ச நீதிமன்றமே பார்த்தது. யாரைப் பக்கத்தில் வரவிடக் கூடாது என்பதற்கான கதவாகவும் அது இருந்தது. நம் ஊர்களில் அந்தக் கதவுக்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். இன்றைக்கும் ஒரு மனை பேசும்போது தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எந்த ஆளுங்க?” என்று கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். “சுத்தி எல்லாம் நம்ம ஆளுங்கதான் சார்” என்று அதையே விற்பனைக்கான சிறப்பாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஊருக்குள் ஒரு சென்ட் வாங்க முடியாத எத்தனையோ குடும்பங்களுக்குப் புறவழிச்சாலை ஓரத்து மனைப்பிரிவில்தான் சொந்த வீடு அமைந்தது. அந்தப் பத்திரத்தில் நான்கெல்லை, ‘மனை எண் 13-க்குக் கிழக்கு, 23 அடி ரோட்டுக்கு வடக்கு’ என்று இருக்கும். மனை எண் 13-க்குச் சாதி இல்லை. பெயர் இல்லாத எல்லை சிலருக்கு இழப்பு, சிலருக்கு விடுதலை. இரண்டையும் ஒரே தரகர்தான் விற்கிறார்.

*

அந்த மனை எண் 13-இல் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால், பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கு ரோட்டுக்கும் பொது இடத்துக்கும் போனால் 1200 சதுர அடியில் 24 மனை போடலாம். ஒரு குடும்பம் உழுத காட்டுக்கு 24 சொந்தக்காரர்கள். ஆனால் 15 வருடம் கழித்தும் அங்கே இரண்டு வீடுதான் எழும்பியிருக்கும். மற்றவை மகளுக்கென்று வாங்கிப் போட்டவை, விலை ஏறட்டும் என்று விட்டுவைத்தவை. நடுவே சீமைக்கருவேலம். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் கரிசல் மண்ணில் கட்டிய சுவரில் கோடையில் விட்ட விரிசலைப் பூசிக்கொண்டு, பக்கத்து மனைக்காரர் யார் என்று தெரியாமலே காலம் தள்ளுகிறார்கள். பாம்பு வந்தால் கூப்பிட அடுத்த வீடு கிடையாது. தரகரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் வருகிறார்.

பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரையை வைத்து ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விற்ற காலம் ஒன்று இருந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று, வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எங்கள் பக்கம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஈ ஓட்டினார். அண்ணன் அந்த மாதங்களில் மறுபடி உரக்கடைக்கு நடந்தார். மறு வருடம் வரன்முறைத் திட்டம் வந்ததும் தொழில் மூச்சு விட்டது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு பதிவாக வேண்டும். அதை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவாக வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு மாமனாரின் கொல்லையைக் காதில் போட்டுவைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வலையில் விழமாட்டார். அவர் விற்பது மனைப்பிரிவு அல்ல, தனியாள் நிலம். அவர் கையில் விசிட்டிங் கார்டு கூட கிடையாது.

சிகாகோ பகுதியில் நடந்த வீட்டு விற்பனைகளை வைத்து லெவிட், சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள், 2008-இல் வெளியானது. ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீட்டை விற்பதைவிட ஒன்பது பத்து நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். விலையும் கிட்டத்தட்ட 3.7 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள். காரணம் எளிது. பத்து நாள் காத்திருந்தால் ஒரு லட்சம் கூடக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரருக்கு அது ஒரு லட்சம். ஒரு பர்சன்ட் தரகருக்கு அது ஆயிரம் ரூபாய். ஆயிரத்துக்காக அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? “இந்த விலை இனிமே வராது தம்பி” என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவசரம் அவர் கணக்கில் லாபம், அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணனுக்குக் குன்னம் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. ஊரில் பாதிக் காட்டை விற்றுக்கொடுத்தவர், அதை மட்டும் இன்னும் விற்கவில்லை. வருடா வருடம் சோளம் போடுகிறார்.

*

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. எங்கள் தெருவில் இரண்டு சகோதரர்கள் ஏழு வருடம் பேசாமல் இருந்தார்கள். பாகம் பிரிக்காத வீடு ஒன்று ஒழுகிச் சரிந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒரு மாசம் இரண்டு வீட்டுக்கும் நடந்தார். இவர் சொன்னதில் பாதியை அங்கே சொல்லாமல், அவர் சொன்னதில் பாதியை இங்கே சொல்லாமல், ஒருவழியாகப் பாகப்பிரிவினைக்குக் கொண்டுவந்தார். பொய்யும் மறைப்பும் தெரிந்த ஒருவரால்தான் அது முடிந்தது. கூலி வாங்கினார்தான். ஆனால் கூலி வாங்காத நாங்கள் யாரும் அந்த ஏழு வருடமும் ஒரு தடவைகூட நடக்கவில்லை.

பத்திரத்தில் தரகர் என்று அவர் பெயர் எங்கும் வராது. கடைசிப் பக்கத்தில் சாட்சி என்ற இடத்தில் வரும். எழுதிக்கொடுப்பவரையும் எழுதிவாங்குபவரையும் எனக்குத் தெரியும் என்பதுதான் அந்தக் கையெழுத்துக்குப் பொருள். அண்டை வீட்டார் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவியும் மிகப் பெரிய உதவியும் அதுதான். ‘இவரை எனக்குத் தெரியும்.’ அந்த வரிக்குக் கீழேதான் அவர் தொழில் முழுக்க நடக்கிறது.

மாமனாரின் கொல்லையைக் கடைசியில் விற்றோம். அண்ணன் மூலமாகத்தான் விற்றோம். விலை முடிந்த பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன். “மாமாவுக்கு உடம்பு சரியில்ல, அதான் விக்கிறாங்கன்னு பார்ட்டிகிட்ட சொன்னீங்களாண்ணே?”

அவர் தடுமாறவில்லை. “சொல்லாம எப்படி தம்பி? அவங்க கேக்குற மொதக் கேள்வியே ஏன் விக்கிறாங்கங்கிறதுதானே?”

நியாயம்தான். வில்லங்கமில்லாத நிலம் என்று அவர்களை நம்பவைக்க எங்கள் வீட்டு வியாதி உதவியிருக்கிறது. அதே வியாதி அவர்களை விலை குறைத்துக் கேட்கவும் வைத்திருக்கும். அண்ணன் மேலே எவ்வளவு வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆனால் அக்ரிமென்ட் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். அது மாமனாரின் யோசனை. “கெழக்கால வரப்புக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க” என்றார். போய்ச் சொன்னேன். எழுபது வயதுக்காரர். கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, விலையைக் கேட்டுத் தலையை ஆட்டினார். “அந்த வெலைக்கு நம்மளால முடியாது தம்பி. வந்து சொன்னீங்களே, அது போதும்.” பிறகு சற்று யோசித்துச் சொன்னார். “எனக்கு மேற்கால உங்க கொல்லை வழியாத்தான் வண்டி வருது. அதை மட்டும் பத்திரத்துல எழுதச் சொல்லுங்க. எழுதாம வித்துட்டீங்கன்னா அடுத்த வருசம் நானும் விக்க வேண்டியதுதான்.”

அண்ணனிடம் சொன்னேன். பார்ட்டி ஒத்துக்கொள்ளாது, விலை உடையும் என்று முதலில் முகம் சுளித்தார். இரண்டு நாள் கழித்து வந்து, “பேசிட்டேன் தம்பி, பத்தடி வண்டிப்பாதை எழுதிடலாம்” என்றார். எப்படிப் பேசினார், எங்கே எதை விட்டுக்கொடுத்தார் என்று தெரியாது. அந்தப் பாதையில் அவருக்குக் கமிஷன் ஒரு பைசா கிடையாது. பதிவன்று சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு முன், பத்திரம் எழுதுபவரிடம் அந்த வரியை மட்டும் ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நிலம் விற்கப் போகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். தரகரிடம் சொல்லுங்கள்; அவர் இல்லாமல் நடக்காது. அதற்கு முன்னால் வரப்புக்காரரிடம் சொல்லுங்கள். அவரால் வாங்க முடியாமல் போகலாம். அவருடைய பாதை எது, அவர் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டு, அதைப் பத்திரத்தில் எழுத வையுங்கள். சட்டம் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அந்தப் பெரியவர் இன்னும் அந்தப் பாதையில்தான் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு மேற்கே இப்போது கல் நட்டுவிட்டார்கள். எங்கள் பத்திரத்தில் கிழக்கெல்லையில் அவர் பெயர் இருக்கிறது. அந்தக் கொல்லையை மனையாக வாங்குகிறவர்களின் பத்திரங்களில் இருக்காது.